தங்கூசி: எது அறவேணும்?

எங்கட கரையோரங்களில் மீன்பிடி நூல் பற்றிக் கதை தொடங்கினால் கெதியாய் வந்து விழுகிற சொல் 'தங்கூசி'. நைலோனில் செய்த, கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிற ஒற்றை இழை. சென்னைப் பக்கம் இதைத் 'தங்கூஸ்' என்பார்கள், சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஜப்பானில் தூண்டில் இழைக்குத் 'தெகுசு' எண்டு பெயர். நைலோன் வர முன்னம், பட்டுப்புழுவின்ர சுரப்பியை இழுத்துச் செய்த இழைக்கு இருந்த பெயர் அது.

நூல் தெரிவுசெய்கிறது எண்டால் பலமானதைப் பார்த்து வாங்கிறதுதானே எண்டு நாங்கள் நினைக்கிறம். தொழில் தெரிந்தவர்கள் அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்பார்கள்: அறவேண்டி வந்தால் எது அறவேணும்?

ஒரே தாய்க்கயிற்றில் பல தூண்டில்களைக் கட்டிப் போடும் முறையை எடுங்கோ. தாய்க்கயிறு தடிப்பு, அதிலிருந்து தொங்கிற கிளைநூல்கள் மெல்லிசு. கல்லுப் பாரில் ஒரு தூண்டில் சிக்கினால் அந்த ஒரு கிளை மட்டும் அறும், மிச்சம் எல்லாம் வள்ளத்துக்குத் திரும்பி வரும். அமெரிக்காவில் 2011இல் பெயரெடுத்த 'அலபாமா ரிக்' இதுக்கு எதிர்ப்பக்கம். பாஸ் மீனுக்காக ஒரு தலையில் ஐந்து போலி இரைகளைக் கம்பியில் பொருத்தி எறிகிறார்கள். பாரமும் கூட, விலையும் கூட. முழுத் தொகுதியும் ஒரே இழையில் தொங்குகிறதால் இழுபடாத தடித்த பின்னல் நூலைத்தான் பலர் தேடுகிறார்கள். இரண்டு இடத்திலும் நூலின்ர தடிப்பைத் தீர்மானிக்கிறது, எந்த நட்டத்தைத் தாங்கலாம் என்கிற கணக்கு.

இந்தக் கணக்கை வைத்து எங்கட கடலின்ர அண்மைக்கால வரலாற்றையே வாசிக்கலாம்.

நைலோனுக்கு முன்னம் வலை பருத்தி நூலாலும் சணல் நாராலும் ஆனது. உப்புத் தண்ணியில் அது உக்கும். அதைத் தடுக்க மரப்பட்டை, பனிச்சங்காய் மாதிரித் துவர்ப்புள்ளவற்றின் சாற்றில் வலையைத் தோய்ப்பார்கள். தொழிலால் வந்ததும் காயப்போடவேணும், பொத்தல்களைப் பொத்தவேணும். இந்த வேலையில் வீடே பங்கெடுத்தது. நட்டம் முழுக்க மனிச உழைப்பில்தான் விழுந்தது. ஆனால் கடலில் தொலைந்த வலை கொஞ்ச நாளில் உக்கிப் போய்விடும். கடலுக்குக் கடன் மிஞ்சாது.

1935இல் அமெரிக்காவின் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் வொலஸ் கரோதர்ஸ் குழு நைலோனை உருவாக்கியது. இரண்டாம் உலகப்போரில் பரசூட்டுக்குப் போன இழை, போர் முடிய மீன்பிடிக்கு வந்தது. 1950களின் கடைசியில் இலங்கையில் இயந்திரப் படகுகள் பரவத் தொடங்கினபோது நைலோன் வலைகளும் சேர்ந்து பரவின. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வலை உக்கவில்லை, தினமும் காயப்போடும் வேலை குறைந்தது, பிடி கூடினது. அதேநேரம் நூல் கடைச்சரக்காக மாறியது. கையில் காசில்லாதவர் சம்மாட்டியிடமோ வியாபாரியிடமோ கடன்பட வேண்டி வந்தது.

1967இல் நோர்வேயின் உதவியோடு காரைநகரில் சீநோர் தொடங்கியது. படகு கட்டுதல், மீன் பதனிடுதல், வலை உற்பத்தி எண்டு தொழிலை இங்கேயே வேரூன்றச் செய்கிற முயற்சி அது. குருநகர் வலைத் தொழிற்சாலை அந்தக் கதையின் தொடர்ச்சிதான். இதே நோர்வே 1950களில் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கின இன்னொரு திட்டத்தின் வழியாகத்தான் இந்தியாவில் இழுவைப் படகு பரவ வழி பிறந்தது. ஒரே நாட்டின் உதவி, பாக்குநீரிணையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமாய் வந்து சேர்ந்தது.

பிறகு போர். 1990 யூனில் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். நாட்டின் பேர்போன மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று 27 வருசம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. 2017 யூலையில் துறைமுகம் விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தவர்கள் படகையும் வலையையும் புதிதாய்த் தேடவேண்டி இருந்தது. அதே யூலையில்தான் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இதுக்கு முன்னமே, 2006இல், தங்கூசி வலைக்குத் தடை வந்திருந்தது. தூண்டிலில் தங்கூசி கட்டலாம், அதே இழையில் வலை பின்னிப் போடக் கூடாது. காரணம் இழையின்ர குணத்திலேயே இருக்கு. தண்ணிக்குள் அது மீனுக்குத் தெரியாது. அறுந்தால் பொத்துகிறது கரைச்சல் என்கிறதால் எறிந்துவிடுகிறார்கள். எறிந்தது உக்காமல் கடலடியில் ஆளில்லாமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டு கிடக்கும். பருத்தி வலை தராத நட்டம் இது. வள்ளக்காரரிலும் விழாது, வியாபாரியிலும் விழாது, கடலில் விழும், அதுக்குப் பிறகு எல்லாரிலும் விழும்.

அப்ப ஏன் சட்டம் இருந்தும் தங்கூசி வலை ஒழியவில்லை? சின்னத் தொழிலாளியின் பேராசை எண்டு சொல்லிவிட்டுப் போகிறது லேசு. இரவில் எல்லை தாண்டி வருகிற இழுவைப் படகுகள் விரித்த வலைகளை அறுத்துக்கொண்டு போகிறதை வடகரை மீனவர்கள் வருசக்கணக்காய் முறையிட்டு வருகிறார்கள். இண்டைக்கு இரவே அறுந்து போகக்கூடிய வலைக்கு ஒருவர் எப்பிடி விலைகூடின நூல் வாங்குவார்? மலிவான, எறிந்தாலும் மனம் நோகாத நூலைத்தான் தேடுவார். எது அறவேணும் எண்டு முடிவெடுக்கிற உரிமை அவருடைய கையை விட்டுப் போய்விட்டது. தங்கூசித் தடையையும் இழுவைத் தடையையும் தனித்தனிப் பிரச்சினையாய்ப் பார்க்கிற வரைக்கும் இரண்டுமே கடதாசியில்தான் இருக்கும்.

எங்கட வரலாற்றுப் பாடங்களில் அரசர்கள் இருக்கினம், ஒப்பந்தங்கள் இருக்கு, நூல் இல்லை. பருத்தி வலைக்குத் துவர் காய்ச்சினதைக் கண்ணால் கண்ட தலைமுறை இன்னும் குருநகரிலும் பாசையூரிலும் பருத்தித்துறையிலும் இருக்கு. இப்ப எண்பதைத் தாண்டின ஆக்கள். ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர்களிடம் கேட்டு எழுதுகிற வேலை இன்னும் கன காலம் காத்திருக்காது.