இளவுயிரியும் பெயரும்: டெலோகனோடெஸ் பேரினத்தின் வரலாறு

நீலகிரி ஓடையொன்றில் கல்லைப் புரட்டினால் கிடைப்பது மே பூச்சியின் இளவுயிரியே. இறக்கை பெற்ற முதிரி சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் வாழும். எனினும் பெயரிடல் நெடுங்காலம் முதிரியைச் சார்ந்தே நடந்தது. ஹாகன் 1858இல் இலங்கையிலிருந்து விவரித்த குளோயே டிரிஸ்டிஸ் என்னும் சிற்றினத்துக்கு, ஈட்டன் 1882இல் டெலோகனோடெஸ் என்ற பேரினத்தை அமைத்தார். பின்னாளில் தென்கிழக்காசிய ஓடைகளின் இளவுயிரிகளும் அப்பெயருக்குள் அடக்கப்பட்டன. அது தோற்ற ஒற்றுமையை மட்டும் நம்பிய இணைப்பு என்றே கொள்ளவேண்டியுள்ளது. சார்ட்டோரி, பீட்டர்ஸ், ஹப்பார்டு ஆகியோரின் 2008ஆம் ஆண்டு மீளாய்வு அவற்றைப் பிரித்து டட்ஜியோடெஸ் முதலிய புதுப் பேரினங்களில் வைத்தது. டெலோகனோடெஸ் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியதாகச் சுருங்கியது. கோடைக்கானலை நினைவூட்டும் டெலோகனோடெஸ் கோடை அதே ஆய்வில் பெயர்பெற்றது. இளவுயிரியை மட்டும் கொண்டு இன்று நிறுவப்படும் சிற்றினம், முதிரியின் பெயரில் முன்பே பதிவானதாகவும் இருக்கலாம். வளர்ப்பு முறையோ மரபணு ஒப்பீடோதான் அவ்வையத்தைத் தீர்க்கும்.