அகர் அகர்: அடுப்படியிலிருந்து ஒரு வரலாறு

நோன்பு மாதத்தில் எங்கள் தெருவில் தட்டுத் தட்டாகக் கடற்பாசி வரும். ரோஸ் நிறத்தில் ஒன்று, பால் ஊற்றியது ஒன்று, இளநீர் சேர்த்தது ஒன்று. "ஃபிரிட்ஜே வேணாம்மா, வெளியில வச்சாலே உறைஞ்சிரும்" என்பார் பக்கத்து வீட்டு ராத்தா. நுண்ணுயிரியலின் வரலாறு இந்த ஒரு வரிக்குள் ஒளிந்திருப்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

1881. ராபர்ட் கோக்கின் பெர்லின் ஆய்வகத்தில் வால்தர் ஹெஸ்ஸெ காற்றிலுள்ள நுண்ணுயிரிகளை வளர்த்துப் பார்க்கப் போராடிக்கொண்டிருந்தார். வளர்தளமாக இருந்தது ஜெலட்டின். வெயில் ஏறினால் அது இளகிவிடும். போதாததற்குச் சில நுண்ணுயிரிகளே அதைத் தின்று நீராக்கிவிடும். மனித உடலின் வெப்பமான 37 டிகிரியில் கிருமியை வளர்க்க வேண்டும் என்றால் ஜெலட்டின் உதவாது. அவருடைய மனைவி ஃபேனி ஏஞ்சலினா ஹெஸ்ஸெ செய்யும் ஜெல்லியும் புட்டிங்கும் மட்டும் கோடையிலும் குலையாமல் நின்றன. காரணம் கேட்டபோது அவர் சொன்ன பதில், அகர் அகர். நியூயார்க்கில் பிறந்த ஃபேனி, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரர் ஒருவரிடமிருந்து அதைக் கற்றிருந்தார். அந்த டச்சுக்காரருக்குச் சொல்லித்தந்தது யார்? மலாய்ச் சொல்லான 'அகர் அகர்' மட்டும் சாட்சியாக நிற்கிறது.

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை 1882இல் கோக் அறிவித்த கட்டுரையில் அகர் பற்றிய குறிப்பு உண்டு. ஃபேனியின் பெயர் இல்லை. வால்தரின் பெயரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளில் வந்த கண்ணாடித் தட்டுக்கு அதைச் செய்த பெட்ரியின் பெயர் நிலைத்தது. தட்டுக்குப் பெயர் கிடைத்தது, தட்டில் இருந்ததற்குக் கிடைக்கவில்லை. ஃபேனி ஆய்வகத்தில் கணவருக்கு உதவியாளராக இருந்தவர், அவருடைய கட்டுரைகளுக்குப் படம் வரைந்தவர். ஆனாலும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவரைச் சமையலறையிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ பேக்கர் கதை வேறு மாதிரி. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், 1928இல் திருமணம் செய்துகொண்டதும் வேலையை இழந்தார். மணமான பெண்களுக்கு அங்கே வேலை இல்லை. ஊதியமில்லாமல் ஆய்வைத் தொடர்ந்தார். சிப்பி ஓடுகளுக்குள் வளரும் ஒரு நுண்பாசி, நோரி இனப் பாசியின் இன்னொரு பருவமே என்று 1949இல் எழுதினார். ஜப்பானிய அறிவியலாளர்கள் அதைப் பற்றிக்கொண்டு, சிப்பி ஓட்டில் விதையிட்டு நோரி வளர்க்கும் முறையை உருவாக்கினார்கள். ஒரு முறைகூட ஜப்பான் போகாத அவருக்குக் குமமோட்டோ மாநிலத்தின் உடோவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று அங்கே விழாவும் எடுக்கிறார்கள்.

மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அகர் இதிலிருந்துதான் வருகிறது. பல ஆண்டுகளாக நெய்தல் திணையை நடத்துகிறேன். அதில் பெண் மீன் காயவைப்பாள், புள் ஓப்புவாள், கரையில் நின்று இரங்குவாள். கடலுக்குள் தலை முங்கும் பெண்ணை நான் பாடத்தில் பார்த்ததில்லை.

1986இல் இங்குள்ள 21 தீவுகள் தேசியப் பூங்காவாயின. தாயும் பாட்டியும் பாசி எடுத்த இடத்துக்குப் போவது குற்றமாயிற்று. பெண்கள் வனத்துறையோடு பேசிப் பேசித் தங்கள் உரிமைக்காக நின்றார்கள். பாசி மீண்டும் முளைக்க வேண்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி விருது கிடைத்தது. பவளப்பாறையைக் காப்பது எப்படி என்று நம் கருத்தரங்குகளில் பேச இவர்களை ஏன் அழைப்பதில்லை?

பாசியை உண்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் மாணவிகளில் தைராய்டு மாத்திரை விழுங்குபவர்கள் இருப்பீர்கள். அந்தக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. கடற்பாசியில் அயோடின் உண்டு என்பதால் எல்லாப் பாசியும் மருந்து என்று நினைத்துவிடாதீர்கள். கெல்ப் வகைகளில் அயோடின் மிக அதிகம். அளவு மீறினால் அதே தைராய்டைக் குலைக்கும். கொரியாவில் பிள்ளை பெற்றவளுக்கு மியோக் என்னும் பாசியில் சூப் வைத்துக் கொடுப்பார்கள். பிறந்தநாள்தோறும் பிள்ளைகளும் அதையே குடிப்பார்கள், தாய் பட்ட பாட்டை நினைத்து. நம் அகரில் பெரும்பகுதி நார்ச்சத்து. தண்ணீர் நிறையக் குடித்தால் மலச்சிக்கலுக்கு நல்லது, கலோரி ஏறக்குறைய இல்லை. நாம் கொட்டும் சர்க்கரைக்குப் பாசி பொறுப்பாகாது.

கஞ்சிப் பாசி என்று இன்னொன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் 'சிலோன் மாஸ்' என்று எழுதிவைத்த இனம். கடற்கரை வீடுகளில் அதைக் கழுவி, வெயிலில் வெளுக்க வைத்து, கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தார்கள். அறிவியல் ஏடுகளும் தமிழ்ப் பெயரைக் குறிப்பிடும்போது கஞ்சிப் பாசி என்றே எழுதுகின்றன. காய்ச்சியவர்கள் வைத்த பெயர் அது.