காட்டுக் கிழங்கு கற்பித்த பாடம்

தலையில் அடிபட்டவருக்கு நேரும் கேடு அந்த ஒரு நொடியோடு முடிந்துவிடுவதில்லை. மோதிய கணத்தில் சிதைந்த மூளைத் திசுக்களை மீட்க இயலாது. ஆனால், அதன்பின் வரும் மணிகளிலும் நாள்களிலும் மூளை வீங்குகிறது, மண்டையோடு விரிந்து கொடுக்காமையால் உள்ளழுத்தம் மிகுகிறது, குருதியோட்டம் குன்றுகிறது, பிழைத்திருந்த உயிரணுக்களும் மடிகின்றன. இந்த இரண்டாம் அழிவைத் தடுக்கும் மருந்து உண்டா என்பது மருத்துவ உலகின் நெடுநாளைய வினா. அதற்கு விடையாகும் என்று ஒரு காலத்தில் பலர் நம்பிய பொருளின் வரலாறு, மெக்சிகோ நாட்டுக் காட்டுக் கிழங்கு ஒன்றோடு பிணைந்தது.

அப்பொருள் புரோஜெஸ்டிரோன். பெண்ணுடலில் கருவைக் காக்கும் சுரப்புநீர் அது. 1930களில் விலங்குகளின் உறுப்புகளிலிருந்து மிகச் சிறிய அளவிலேயே அதைப் பிரித்தெடுக்க முடிந்தது. எனவே, அது பொன்னினும் விலைமிக்கதாய் இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் கல்லூரியில் வேதியியல் ஆய்ந்த ரசல் மார்க்கர், வள்ளிக்கிழங்கு இனத்துச் செடிகளில் காணப்படும் டையோஸ்ஜெனின் என்னும் பொருளைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வழியைக் கண்டார். அப்பொருள் மிகுந்த கிழங்கைத் தேடி 1942ஆம் ஆண்டில் மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதிக்குச் சென்றார். அந்நாட்டார் 'கபேசா தெ நெக்ரோ' என அழைக்கும் பெருங்கிழங்கு அங்கே கிடைத்தது. அவருடைய ஆய்வுக்குத் துணைநின்ற மருந்து நிறுவனம் மெக்சிகோவில் தொழில் தொடங்க இசையவில்லை. மார்க்கர் மனந்தளராது கல்லூரிப் பணியைத் துறந்தார். 1944இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் என்னும் நிறுவனம் தோன்றத் துணைநின்றார். பங்காளிகளோடு பிணக்குற்று மறு ஆண்டே அவர் விலகினார். ஆயினும், மெக்சிகோ நாட்டு உழவர்கள் காடுகளில் தோண்டிய கிழங்கினால் அரிய சுரப்புநீர் மலிவான மருந்தாயிற்று.

இனி, மூளையின் கதைக்கு வருவோம். 1980களில் டொனால்டு ஸ்டைன் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும், மூளையில் காயமுற்ற எலிகளை ஆராய்ந்தனர். புரோஜெஸ்டிரோன் மிகுந்திருந்த நிலையில் காயமுற்ற பெண் எலிகள் நன்கு தேறியதை அவர்கள் கண்டனர். பின்னர், அம்மருந்தைச் செலுத்தியபோது ஆண் எலிகளிலும் மூளை வீக்கம் தணிந்தது. எவரும் எதிர்பாராத இடத்தில் நம்பிக்கை ஒளி ஒன்று தோன்றியது.

2007இல் 100 நோயாளரைக் கொண்ட முதற்சோதனையின் முடிவு வெளிவந்தது. மருந்து பெறாத 23 பேரில் 7 பேர் ஒரு திங்களுக்குள் இறந்தனர். மருந்து பெற்ற 77 பேரில் 10 பேரே இறந்தனர். விழுக்காட்டில் சொன்னால் 30க்கு எதிராக 13. கேட்டவர் உள்ளம் துள்ளியதில் வியப்பில்லை. ஆனால், அந்த 30 விழுக்காட்டுக்குப் பின்னே இருந்தவர்கள் எழுவர் மட்டுமே. அவர்களுள் இருவர் பிழைத்திருப்பின் கணக்கின் தோற்றமே மாறியிருக்கும்.

எனவே, பெருஞ்சோதனைகள் இரண்டு தொடங்கப்பட்டன. அமெரிக்காவில் நிகழ்ந்த சோதனையில் அடிபட்ட 4 மணி நேரத்துக்குள் மருந்து செலுத்தப்பட்டது. 882 பேர் சேர்ந்த அளவில், பயன் கிட்டாது என்று தெளிந்து அது நிறுத்தப்பட்டது. நற்பயன் அடைந்தோர், மருந்து பெற்றவர்களில் 51 விழுக்காட்டினர், பெறாதவர்களில் 55.5 விழுக்காட்டினர். பல நாடுகளில் 1,195 பேரிடம் நிகழ்ந்த மற்றொரு சோதனையிலும் இரு பிரிவினரும் ஏறத்தாழச் சரிநிகராயினர். 2014 டிசம்பரில் இரு முடிவுகளும் வெளிவந்தன. பல்லாண்டு உழைப்பின்மேல் கட்டிய நம்பிக்கை சரிந்தது.

ஏன் இந்த வேறுபாடு? ஆய்வுக்கூடத்து எலிகள் ஒரே வயதினவாகவும், ஒரே இடத்தில் ஒரே அளவு அடிபட்டனவாகவும் அமைகின்றன. மனிதரோ முதியவர், இளையவர், வீழ்ந்தவர், வாகனத்தில் மோதுண்டவர் எனப் பலதிறத்தினர். ஒருவர் மூளையில் குருதி கட்டியிருக்கும். மற்றொருவர் மூளையில் நரம்பிழைகள் அறுந்திருக்கும். அனைத்துக்கும் ஒரே மருந்து என்னும் எண்ணமே ஆராயத்தக்கது.

செடியிலிருந்து பிறந்தது என்பதாலேயே ஒரு பொருள் நலந்தரும் என்று முடிவு கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. கிழங்கை உண்டால் நம் உடல் டையோஸ்ஜெனினைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றிக் கொள்வதில்லை. அம்மாற்றம் ஆய்வுக்கூடத்தில்தான் நிகழ்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்தும் மனிதரிடத்தே சோதிக்கப்படும் வரை நம்பிக்கையே அன்றி உண்மை ஆகாது.

வென்றோர் வரலாற்றை மட்டுமே மாணவர்க்குச் சொல்லிப் பழகிவிட்டோம். தாம் விரும்பிய விடை கிட்டாதபோதும், அதை மறைக்காமல் உலகறிய உரைத்தவர்களின் வரலாறும் வகுப்பறைக்கு வர வேண்டும். பயனற்ற மருந்தை நம்பிக் காலத்தையும் பொருளையும் இழக்கவிருந்த எத்தனையோ குடும்பங்களை அந்த நேர்மை காத்தது. அதுவும் ஒரு மருத்துவமே.