சாபமும் வரமும்: ஆவூர் போன்ற பங்குகளில் சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூர், மதுரை மிஷனின் பழைய தளங்களுள் ஒன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு புஷே இங்கே பணியாற்றினார், வீரமாமுனிவரும் இருந்திருக்கிறார். பெரியநாயகி மாதா கோயிலின் உயிர்ப்புப் பெருவிழாவில் பாஸ்கா என்னும் திருப்பாடுகளின் நாடகமும் தேரும் நடக்கும். இத்தகைய தலங்களுக்கு நேர்ச்சையோடு வருவோரில், நடக்காத, பேசாத பிள்ளையைத் தோளில் தூக்கி வருவோரும் உண்டு. அவர்களிடம் சொல்ல நம் சமூகம் இரண்டு விடைகளைக் கையில் வைத்திருக்கிறது. ஒன்று, முன்னோர் செய்த பாவம். மற்றது, ‘ஆண்டவர் உங்களைத் தேர்ந்துதான் கொடுத்திருக்கிறார்’. முன்னது கொடியது, பின்னது இதமானது என்று எண்ணுகிறோம். இரண்டும் செய்யும் வேலை ஒன்றே என்பது என் வாதம். பாரம் முழுவதையும் அந்த வீட்டின்மேல், பெரும்பாலும் தாயின்மேல், இறக்கிவிட்டு மற்றவர்கள் விலகிக்கொள்ள இரண்டுமே இடம் தருகின்றன. வரம் பெற்றவள் ‘என்னால் முடியவில்லை, சாமி’ என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிப் பார்வையற்றவரைப் பற்றிய ‘யார் செய்த பாவம்?’ என்ற கேள்வியை இயேசு தள்ளிவிடுகிறார். இதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அதே அதிகாரத்தில் அவருடைய பெற்றோர் விசாரணைக்கு அழைக்கப்படுவதை யாரும் பொருட்படுத்துவதில்லை. தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் அவர்கள் மகனையே கேட்கச் சொல்லி நழுவுகிறார்கள். கோழைத்தனம் என்று அதைக் கடந்துவிடலாம். ஆனால் மகனின் பார்வைக் குறையைவிட ஊரின் வாய்க்கு அஞ்சி வாழ்ந்தவர்கள் அவர்கள் என்றுதான் நான் படிக்கிறேன். மாற்கு 9இல் வலிப்பு வரும் சிறுவனின் தகப்பன் இன்னும் தெளிவாகப் பேசுகிறான். அவன் உதவி கேட்பது மகனுக்கு மட்டுமல்ல, ‘எங்களுக்கு’. நம்பிக்கையின்மையையும் அவன் மறைக்கவில்லை. அதற்காக இயேசு அவனைத் திருப்பி அனுப்பவும் இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வொன்று இங்கே பொருந்துகிறது. அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் 57 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 10 வாரம் கலந்துரையாடல். மற்றொன்றுக்கு விரிவுரை மட்டும். 1999இல் வெளியான முடிவின்படி, குழந்தையைப் பேணுவது குறித்த மனப்பாங்கு கலந்துரையாடியவர்களிடமே கூடுதலாக மேம்பட்டது. பீடத்திலிருந்து சொல்லப்படும் ஆறுதலும் ஒருவகை விரிவுரைதான். கலந்துரையாடலுக்கான அமைப்பு நம் பங்குகளில் ஏற்கெனவே இருக்கிறது: அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியம். பிள்ளை சத்தம் போடும் என்று கூட்டத்துக்கு வரத் தயங்கும் தாயின் வீட்டிலேயே அன்பியம் கூடினால் என்ன?

இப்படிக் குடும்பங்களைச் சுற்றிக் கூடும் முயற்சி பிரான்சில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. கடும் குறைபாடுள்ள இரு மகன்களுடன் லூர்து செல்ல விரும்பிய ஒரு பெற்றோரைத் திருப்பயணக் குழுவினர் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த மறுப்பிலிருந்து 1971 உயிர்ப்பு விழாவில் ‘விசுவாசமும் ஒளியும்’ இயக்கம் பிறந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ழான் வனியே பெண்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தது 2020இல் வெளிவந்தது. அதை மறைத்துவிட்டு இயக்கத்தைப் போற்ற முடியாது. ஆனாலும் அதற்கு முதலில் வித்திட்டவர்கள் லூர்து செல்ல விரும்பிய அந்தப் பெற்றோர்தாம்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 777ஆம் விதி, உடலிலோ மனத்திலோ குறைபாடுள்ளோருக்கும் அவர்கள் நிலைக்கு இயன்றவரை மறைக்கல்வி அளிக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தையிடம் தருகிறது. புதுநன்மை வகுப்புக்கு வரும் பிள்ளையைப் ‘புரியாது’ என்று திருப்பி அனுப்புவது இதற்கு முரண்.

பெற்றோரை இரவில் தூங்கவிடாத கேள்வி வேறு: எங்களுக்குப் பிறகு யார்? ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக 1999இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம், பெற்றோர் தாம் விரும்பும் ஒருவரைப் பாதுகாவலராக நியமிக்கக் கோரி மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வழி செய்கிறது. யார் பெயரை எழுதுவது என்பதில்தான் குடும்பங்கள் திணறுகின்றன. ஞானஸ்நானத்தன்று தொட்டியருகே நின்று பொறுப்பேற்ற ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் அந்தப் பெயர்களாக ஏன் இருக்கக் கூடாது? சட்டப்படி அவர்களுக்குக் கடமை ஏதுமில்லை. திருச்சபை முறைப்படி உண்டு.