கடற்கழியைத் தாண்டிய ரயில்

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த தமிழர் ஒருவரை, "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று வினவினால், அவர் கூறும் விடை பெரும்பாலும் ஒரு ரயில் நிலையத்தின் பெயராகவே இருக்கும். மாதுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி, வாஷி, நெருல் என்று நாம் வாழும் இடங்களை வரிசையாகச் சொல்லும்போது, அந்நகரத்தின் இருப்புப்பாதைப் படத்தையே வரைந்துவிடுகிறோம். ஆயினும் அப்பாதைகள் எவ்வாறு திட்டமிடப்பட்டன, அவற்றுக்குப் பணம் தந்தவர் யார், நிலம் தந்தவர் யார் என்பனவற்றை நாம் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. வளர்ந்து வரும் ஒரு வட்டாரத்துக்குப் புறநகர் ரயில் சென்று சேர்ந்த வரலாற்றை இன்று சற்றே நோக்குவோம்.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், பம்பாய் போரி பந்தரிலிருந்து தானே வரை 34 கிலோமீட்டர் தூரம் இந்தியாவின் முதல் பிரயாணிகள் ரயில் ஓடிற்று. அடுத்த ஆண்டிலேயே பாதை கல்யாண் வரை நீண்டது. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதை வழியாக முதல் மின்சார ரயில் புறப்பட்டது. நம் சென்னையிலும் 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய செய்தியை இங்கே நினைவுகூரலாம். இவற்றிலெல்லாம் ரயில் முன்னே சென்றது. வீடுகள் பின்னே வந்தன. வயலும் தோப்புமாக இருந்த சிற்றூர்கள் ரயில் நிலையம் ஒன்றைப் பெற்றபின் நகரத்தின் உறுப்புகளாயின.

பம்பாயின் அமைப்பு விசித்திரமானது. மேற்கே அரபிக்கடல், கிழக்கே துறைமுகமும் தானே கடற்கழியும். நகரம் வளர வேண்டுமானால் வடக்கு நோக்கியே வளர வேண்டும். அலுவலகங்களோ தென்கோடியில் குவிந்திருந்தன. ஆகவே நாள்தோறும் காலையில் மக்கள் வெள்ளம் தெற்கு நோக்கியும், மாலையில் வடக்கு நோக்கியும் பாய்ந்தது. 1961-இல் ஏறத்தாழ 41 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1971-இல் ஏறத்தாழ 60 லட்சமாயிற்று. ரயில் பெட்டிகளின் வாயிற்படிகளில் மக்கள் தொங்கிச் சென்ற காட்சியே அந்தக் கணக்கின் பொருளை நமக்கு விளக்கப் போதுமானது.

இந்நெருக்கடிக்குப் பரிகாரம் காண அறிஞர் பலர் முயன்றனர். எஸ். ஜி. பர்வே தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு 1959-இல் தானே கடற்கழியின் குறுக்கே ரயிலும் சாலையும் செல்லத்தக்க பாலம் ஒன்றை அமைக்குமாறு பரிந்துரைத்தது. 1965-இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் படேல் என்னும் மூவர், கழிக்கு அப்பால் புதிய நகரம் ஒன்றையே நிர்மாணிக்கலாம் என்ற கருத்தை 'மார்க்' என்னும் கலை இதழில் வெளியிட்டனர். 1970 மார்ச்சு மாதத்தில் அதற்கென 'சிட்கோ' என்னும் நகர் வளர்ச்சிக் கழகத்தை அரசாங்கம் தோற்றுவித்தது. 95 கிராமங்களை உள்ளடக்கிய 344 சதுர கிலோமீட்டர் பரப்பில், 20 லட்சம் மக்களுக்கான நவி மும்பை உருப்பெறத் தொடங்கியது.

திட்டத்தின் அடிப்படை எளிமையானது. பாதை எவ்வழியே செல்லும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அதற்கான நிலத்தை ஒதுக்கிவைத்து, அதன் இருமருங்கிலும் மணிமாலைபோல் சிறு நகரங்களைக் கோப்பது. மக்கள் வீட்டிலிருந்து நடந்தோ, சிறிது தூரம் பஸ்ஸிலோ ரயில் நிலையத்தை அடைய வேண்டும். பின்னாளில் நிலம் கிடைக்காமல் திண்டாடும் மற்ற நகரங்களுக்கு இது ஒரு நல்ல பாடமாகும்.

ஆனால் தாளில் வரைந்த கோடு தண்டவாளமாக மாறுவதற்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 1973-இல் கழியின் மேல் சாலைப்பாலம் திறக்கப்பட்டது. ரயில் மட்டும் மான்கூர்டிலேயே நின்றது. புது நகரில் குடியேறியவர்கள் பாலத்தின் மேல் பஸ்களில் நெருக்கியடித்துச் செல்ல வேண்டியிருந்தது. வீடு மலிவு, காற்று நன்று. எனினும் வேலைக்குப் போய்வருவது பெரும்பாடு என்னும் நிலை. அரசாங்கத் தலைமை அலுவலகங்கள் கழியைக் கடந்து வரும் என்று திட்டமிட்டோர் நம்பினர். அவை வரவில்லை. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நரிமன் முனையில் மேன்மேலும் அலுவலகங்கள் எழுந்தன. ரயில் இல்லாததால் வேலைகள் வரவில்லை. வேலைகள் இல்லாததால் மக்கள் வரத் தயங்கினர். மக்கள் குறைவாக இருந்ததால் ரயிலுக்குச் செலவிடுவது தகுமா என்ற ஐயம் எழுந்தது. வளரும் வட்டாரங்கள் பலவற்றின் கதை இதுவே.

இம்முடிச்சை அவிழ்த்தது செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் உடன்பாடு. ரயில் வந்தால் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றத்தின் பயன் நகர் வளர்ச்சிக் கழகத்துக்குக் கிடைக்கும். ஆகவே பாதையின் செலவிலும் அதற்குப் பங்கு இருத்தல் நியாயமே. இந்த நியாயத்தின்படி கழகம் 67 சதவீதமும் ரயில்வே 33 சதவீதமும் ஏற்றன. பிரயாணிகளிடமிருந்தும் கட்டணத்தோடு ஒரு கூடுதல் தொகை பெறப்பட்டது. நிலையங்களின் மேலும் அருகிலும் வணிக வளாகங்கள் எழுந்தன. 1992 மே மாதம் 9-ஆம் நாள் முதல் ரயில் கழியைக் கடந்து வாஷியை அடைந்தது. 1993-இல் நெருலுக்கும் பேலாப்பூருக்கும், 1998-இல் பன்வேலுக்கும் பாதை நீண்டது. 2004-இல் தானேயையும் வாஷியையும் இணைக்கும் பாதை திறக்கப்பட்டது. தென்கோடியைத் தொடாமலே ஒரு புறநகரிலிருந்து மற்றொரு புறநகருக்குச் செல்லும் வசதி அதனால் கிட்டியது.

இவ்வளவும் வெற்றியின் கதை. மறுபக்கத்தையும் சொல்லாவிடில் வரலாறு முழுமையாகாது. புது நகரம் எழுந்த இடம் வெற்றிடமன்று. ஆக்ரி, கோலி சமூகத்தார் நெல் விளைவித்தும், உப்பளம் காத்தும், மீன் பிடித்தும் தலைமுறைதோறும் வாழ்ந்த மண் அது. நிலத்துக்குத் தரப்பட்ட ஈட்டுத்தொகை போதாதென்று அவர்கள் தி. பா. பாட்டீலின் தலைமையில் போராடினர். 1984 ஜனவரியில் உரண் வட்டாரத்தில் நிகழ்ந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஐவர் உயிரிழந்தனர். அப்போராட்டத்தின் பயனாகவே, எடுக்கப்பட்ட நிலத்தின் அளவில் 12.5 சதவீதத்தை மேம்படுத்திய மனையாக உரியவர்களுக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு பின்னர் உருவாயிற்று.

அதே உரணுக்குப் புறநகர் ரயில் வந்தது எப்போது? அதன் அருகிலுள்ள நவா ஷேவாவில் 1989-இலேயே பெருந்துறைமுகம் திறக்கப்பட்டது. சரக்குகளுக்கு வழி பிறந்தது, மக்கள் காத்திருந்தனர். 27 கிலோமீட்டர் நீளமுள்ள நெருல்–உரண் பாதையில் 2018 நவம்பரில் கார்கோபர் வரையிலும், 2024 ஜனவரி 12-ஆம் நாள் உரண் வரையிலும் ரயில் சேவை தொடங்கிற்று. நிலம் தந்தும் உயிர் தந்தும் நகரத்துக்கு இடம் கொடுத்த ஊரார், ரயில் ஏற நாற்பது ஆண்டுகள் காத்திருந்தனர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினைகள் இரண்டு. முதலாவது, வளரும் வட்டாரத்தில் ரயிலைக் கடைசியில் வைத்தால், குடியேறும் எளிய மக்கள் தங்கள் வாழ்நாளின் மணிகளைக் கொண்டு அந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பர். இரண்டாவது, பாதையின் செலவைக் கணக்கிடும்போது மண்ணை இழந்தவரின் பங்கையும் முதற் பக்கத்திலேயே எழுத வேண்டும். போராட்டத்துக்குப் பின் எழுதினால் அக்கணக்கு நேராவதில்லை.

தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் வயலை விட்டு வந்த நமக்கு, நிலத்தைப் பிரிவதன் துயரம் விளக்கிச் சொல்ல வேண்டியதொன்றன்று. நாளைக் காலை ரயில் கழிப் பாலத்தின் மேல் செல்லும்போது, சன்னல் வழியே தெரியும் அச்சதுப்பு நிலத்தை ஒரு கணம் நோக்குவோம். நமக்கு இடம் தந்த அம்மண்ணின் மக்கள் நம் பக்கத்து இருக்கையிலேயே அமர்ந்திருக்கக்கூடும். அவர்களுடைய மொழியில் இரண்டு வார்த்தை நலம் விசாரித்துப் பேசினால், அது நாம் செலுத்தும் நன்றியின் தொடக்கமாக அமையும்.