கப்பல் சீட்டிலிருந்து விசா முத்திரை வரை

பிழைப்புத் தேடிக் கடல் கடப்போரை, ஸஃபர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த 'சபுராளி' என்ற பெயரால் அழைத்து வந்த சமுதாயம் நம்முடையது. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலிருந்த காயல் துறைமுகத்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கின. ஆயினும் நாம் இங்கே பேச விரும்புவது வணிகர்களைப் பற்றியன்று. தறியை விட்டுக் கப்பலேறிய நம் பாட்டனார்களைப் பற்றி.

சிற்றாற்றுப் படுகையிலுள்ள கடையநல்லூரிலும் தென்காசியிலும் கைத்தறி நெசவால் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றன. மற்ற ஊர்களின் ஆண்கள் தனியே சென்றுவர, கடையநல்லூரார் பலர் மனைவி மக்களோடு சென்று சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் குடியமர்ந்தனர். ஆண்கள் கூலி வேலைக்குச் செல்ல, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். அங்கே 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவி, 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியையும் தொடங்கினர். அரைத்த மிளகாயின் காரம் கையிலிருந்து போகாத தாய்மார்களின் பிள்ளைகள் அப்பள்ளியில் தமிழ் கற்றார்கள் என்பதை நம் பெண்மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்தியாவும் மலாயாவும் ஒரே பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்தமையால், அன்று அவர்களுக்கு விசா என்றொன்று தேவைப்படவில்லை. கப்பல் சீட்டு இருந்தால் போதும். 1953 ஆகஸ்டு மாதம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமே அந்த வாசலை ஒடுக்கியது. அதன்பின் தாள் இல்லாதவனுக்குப் பயணம் இல்லை என்றாயிற்று.

1973இல் எண்ணெய் விலை உயர்ந்தபோது வளைகுடா திறந்தது. கூடவே தரகர்களின் ஏமாற்றும் பெருகியது. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1983இல் புதிய குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதன்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இன்றைய விதியில் அவர் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும் மட்டுமே. இதை அறியாமல் நகையை அடகு வைத்து இலட்சக்கணக்கில் கொடுப்போரை நாம் இன்றும் காண்கிறோம்.

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட், குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகையில் சேர்க்கப்படுகிறது. அவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதியைப் பெற வேண்டும். ஹிஃப்ளுக்காகப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தும் பெற்றோருக்கு இதை நாம் அழுத்திச் சொல்வதுண்டு: எம் மதரஸாவின் ஸனது அங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழாகக் கொள்ளப்படாது. இரண்டையும் முடிக்க வைப்பதே பிள்ளைக்கு நாம் செய்யும் நன்மை. அனுமதியைத் தவிர்க்க விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புவதாகச் சொல்லும் தரகர், சட்டம் தரும் பாதுகாப்பிலிருந்தே பிள்ளையை வெளியேற்றுகிறார்.

பெயர் மற்றொரு சிக்கல். எம்மிடம் ஓதி முடித்த பிள்ளைகள் கொண்டுவரும் தாள்களில் ஒருவரே பள்ளிச் சான்றிதழில் முகமது, ஆதாரில் முஹம்மத், பாஸ்போர்ட்டில் மொஹமட் என மூவராக நிற்பார். தந்தை பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னே வைக்கும் தமிழ் வழக்கம், குடும்பப் பெயர் கேட்கும் படிவங்களில் இடறுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோருக்கு விசிட் விசாவில் நுழைவு இல்லை என அறிவித்தபோது நம் பகுதியில் எழுந்த கலக்கம் நினைவிருக்கும். எழுத்து வேறுபாட்டை முத்திரைக்கு நாள் குறித்த பிறகன்று, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே சரிசெய்ய வேண்டும். அதற்கான சேவை மையம் திருநெல்வேலியிலேயே உள்ளது.

மனைவியை அழைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு ஜமாஅத்தின் நிகாஹ் பதிவேடு மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் அரசில் பதியக் கட்டாயமாக்கியுள்ளது. அந்தச் சான்றும் வெளியுறவு அமைச்சகத்தின் மேலொப்பம் பெற வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது என்பதை நம் மாணவர் அறிவர். வேலை ஒப்பந்தமும் அத்தகைய ஓர் எழுத்தே. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் பயணச்செலவு ஆகிய நான்கையும் கையொப்பத்துக்கு முன் படித்துப் பாருங்கள். அரபியில் இருந்தால் ஊர் ஆலிம்களிடம் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்கிறோம். அதன் நகலொன்று வீட்டிலும் இருக்கட்டும்.