கடிதம் போய்ச் சேராத கார்கள்

எங்களில் ஒருவரின் மாமாவுடைய கார் பிறேக் வேலைக்காகப் புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட உள்ள கராஜ் ஒன்றில் நின்றது. காத்துக்கொண்டு நிற்கேக்கை, சும்மா இருக்க ஏலாமல், அதன்ரை செசி நம்பரை யப்பான் கொம்பனியின் இணையப் பக்கத்தில் அடித்துப் பார்த்தோம். வந்த யப்பானிய எழுத்தை ஃபோன் மொழிபெயர்த்தது: முன் பயணி பக்க எயார்பேக், 2015 இல் திருப்பி அழைக்கப்பட்டது, இன்னும் மாற்றப்படவில்லை. கார் 2008 இல் செய்தது. 2011 இல் இலங்கைக்கு வந்தது. மாமா அதை மூன்றாவது கையாக வாங்கினவர்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் காரில் என்ன வேலை எண்டு கேட்கலாம். எங்களுக்குப் பிடிபட்டது அந்த ஆண்டுகள்தான்.

பழுதான வாகனத்தைக் கொம்பனியே திருப்பி அழைத்து இலவசமாகத் திருத்துவதை ‘றீகோல்’ என்பார்கள். அமெரிக்காவில் அதற்குச் சட்ட அடித்தளம் 1966 இல் வந்தது. ஆனால் எப்ப அழைப்பது என்பதில்தான் வரலாறு முழுக்க இழுபறி. மிற்சுபிசி கொம்பனி வாடிக்கையாளர் முறைப்பாடுகளை இருபது வருசத்துக்கு மேலாக அரசுக்கு மறைத்தது 2000 ஆம் ஆண்டில்தான் வெளியே வந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்காவில் 65 இலட்சம் பயர்ஸ்ரோன் ரயர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. அதற்கு முதல் வருசமே போர்ட் கொம்பனி சவூதி அரேபியாவில் அந்த ரயர்களைச் சத்தமில்லாமல் மாற்றத் தொடங்கிவிட்டது. வெயில் நாட்டில் முதலில் தெரிந்த பழுது அமெரிக்க அரசுக்குச் சொல்லப்படவில்லை. வெளிநாட்டில் நடக்கும் றீகோலையும் அறிவிக்க வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகுதான் வந்தது.

தகாதா எயார்பேக்கின் கதையில் இது தலைகீழாக நடந்தது. எயார்பேக்கை ஊதவைக்கும் உலோகக் குடுவைக்குள் அந்தக் கொம்பனி போட்டது அமோனியம் நைத்திரேற்று. (யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு யூரியாவே தடைப் பொருள். இது அதைவிடப் பொல்லாதது, ஸ்ரீயரிங்குக்குள்ளேயே வந்து இறங்கியிருக்கு.) வெக்கையும் ஈரப்பதனும் வருசக் கணக்கில் பட, மருந்துக் கட்டி நொருங்கும். பிறகு விபத்தில் அது அளவுக்கு மிஞ்சி வேகமாக எரிந்து, குடுவை வெடித்து, இரும்புச் சிதறல் முகத்திலும் கழுத்திலும் பாயும்.

2004 இல் அலபாமாவில் ஒரு ஹொண்டாவில் இப்படி வெடித்தது. முதல் றீகோல் 2008 நவம்பரில், ஏறக்குறைய 4,000 கார்களுக்கு மட்டும். 2014 யூனில் புளோரிடா, ஹவாய், புவர்ட்டோ றிக்கோ போன்ற வெக்கை இடங்களின் கார்களை மட்டும் அழைத்தார்கள். அதாவது காரணம் வெக்கையும் ஈரமும் எண்டு அப்பவே ஊகித்திருந்தார்கள். ஆனால் அந்த வரைபடம் அமெரிக்க எல்லையோடு நின்றுவிட்டது. அடுத்த மாதமே மலேசியாவின் சிபுவில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஹொண்டா சிற்றி ஓட்டிப்போகேக்கை இதே குடுவைச் சிதறலால் இறந்தார். தகாதா பழுதை ஒப்புக்கொண்டது 2015 மே மாதத்தில். அப்போது அமெரிக்காவில் மட்டும் கணக்கு 34 மில்லியன் வாகனங்கள். 2017 இல் கொம்பனி வங்குரோத்து.

எங்கடை வெக்கையையும் மாரிக்கால ஈரத்தையும் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை.

றீகோல் ஒரு கடிதம். அது பதிவிலிருக்கும் உரிமையாளரின் விலாசத்துக்குப் போகும். ஏற்றுமதிக்காகப் பதிவு நீக்கப்பட்ட கார் யப்பானின் கணக்கில் இல்லை. 2018 மே முதல், ஆபத்துக் கூடின தகாதா எயார்பேக்கை மாற்றாத கார் யப்பானில் வாகனப் பரிசோதனையே சித்தியடையாது. இங்கே வருசா வருசம் புகை பார்க்கிறார்கள், காப்புறுதி கேட்கிறார்கள், வரி அனுமதிப் பத்திரம் கிடைத்துவிடும். 2009 க்குப் பிறகு பாதை திறந்து, 2010 இல் வரியும் குறைய, வடக்குக்கு வந்து குவிந்த றீகொண்டிஷன் கார்களுக்கெல்லாம் இதுதான் நிலை. வாங்கேக்கை கிலோமீற்றரையும் பெயின்ரையும் துருவித் துருவிப் பார்க்கிற சனம், செசி நம்பரை ஒருக்கா அடித்துப் பார்ப்பதில்லை. நாங்களும் அண்டைக்கு மட்டும் பார்த்ததில்லை.

கராஜ்கார அண்ணை பொருளாதாரத் தடைக் காலத்து ஆள். ஏ40 கார்களை ரெண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கைகள். அப்ப எந்தக் கொம்பனியும் கடிதம் போடவில்லை, தேவையும் இருக்கவில்லை. எஞ்சின் சத்தத்திலேயே பழுதைப் பிடிப்பார். ஃபோனை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது சத்தம் போடாது தம்பி, வெடிக்கேக்கைதான் தெரியும்” என்றார். டாஷ்போட்டில் கை வைக்க அவர் சம்மதிக்கவில்லை.

செசி நம்பரையும் போட்டு உள்ளூர் முகவருக்கு மாமாவின் பெயரில் ஒரு கடிதம் எழுதினோம். இன்னும் பதில் வரவில்லை. மாமி இப்ப பின் சீற்றில்தான் இருந்து போறா.